எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை செய்து ஆறு வருடம், 25 கிலோ திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது அறுவைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

தூறல்:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக ஓசையில்லாமல் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். இன்றுதான் எழுதத் தைரியம் வந்தது.

வயது 41, உயரம் 160 செ.மீ. ஸ்லீவ் செய்தபோது எடை 128 கிலோ. ஒன்றரை வருடத்தில் 84க்கு வந்தேன். அடுத்த இரண்டு வருடம் அங்கேயே நின்றது. அப்புறம் மாதம் முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று சத்தமில்லாமல் ஏறி இப்போது 109. பெரிய அளவு உடைகளை எல்லாம் சந்தோஷமாகத் தானம் செய்தவள், அதே அளவில் மறுபடியும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இதோடு நெஞ்செரிச்சல். மூன்று வருடமாக பான்டோபிரசோல் என்ற அமில மாத்திரை இல்லாமல் ஒரு நாள்கூட இல்லை. இரவில் படுத்தால் தொண்டைக்குப் புளித்த தண்ணீர் வரும், இருமல் வரும். மூன்று தலையணை வைத்துப் பாதி உட்கார்ந்தபடிதான் தூக்கம்.

மூன்று சர்ஜன்களைப் பார்த்தேன். ஒருவர் பைபாஸ் (இதயத்துக்கு இல்லை, இரைப்பைக்குச் செய்வது) என்றார். இன்னொருவர் மினி பைபாஸ் போதும் என்றார். மூன்றாமவர், "ஸ்லீவ் ஏற்கெனவே இருக்கிறது, பாதி வேலை முடிந்த மாதிரி, சாடி செய்துவிடலாம்" என்றார். மூன்றுமே குடலை மாற்றி இணைக்கும் அறுவைகளாம். யாரிடமும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை நான் நீட்டியும் ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை. வீட்டில் "மறுபடியும் கத்தியா?" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

கோடைமேகம்:
கிட்டத்தட்ட என் கதை, தலையணை உட்பட. பதில்களுக்காக நானும் காத்திருக்கிறேன்.

பழைய பட்டை:
தங்கச்சி, என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் பேண்ட் காலத்து ஆள். 2008இல் வயிற்றின் மேல்பகுதியில் சிலிக்கான் பட்டை போட்டார்கள். தோலுக்கு அடியில் ஒரு போர்ட், அதில் ஊசி போட்டுத் தண்ணீரை ஏற்றி இறக்கிப் பட்டையை இறுக்குவார்கள், தளர்த்துவார்கள். முதல் இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு பட்டை நழுவியது. குடித்த தண்ணீர்கூட இறங்கவில்லை.

அப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். பட்டையை எடுக்கும்போதே ஸ்லீவும் செய்துவிடலாம், ஒரே மயக்க மருந்தில் இரண்டு வேலையும் முடிந்துவிடும் என்றார்கள். எனக்கும் அவசரம். பட்டை இருந்த இடத்தில் தழும்பு கட்டி, திசு தடித்துப் போயிருந்தது. அதன் குறுக்கே ஸ்டேப்ளர் போட்டார்கள். நான்காம் நாள் உணவுக்குழாய்க்குப் பக்கத்திலேயே லீக், ஸ்டேப்ளர் போட்ட இடம் விட்டுக் கசிந்தது. ஐந்து வாரம் ஆஸ்பத்திரிப் படுக்கை. ஒரே அமர்வில் செய்து நலமாக வீடு திரும்பியவர்கள் நிறையப் பேர் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் முதலில் பட்டையை மட்டும் எடுத்துவிட்டு, மூன்று நான்கு மாதம் திசு ஆறவிட்டு இரண்டாவதைச் செய்யலாம் என்றும் ஒரு வழி இருந்தது. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாவது அறுவை முதலாவதைப் போல இருக்காது. உள்ளே எல்லாம் ஒட்டிப் போயிருக்கும், நேரம் அதிகம் எடுக்கும், லீக், ரத்தக்கசிவு அபாயமும் கூடுதல். இந்த மறு அறுவையை எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள். கோபப்படுகிறவர் என்றால் அடுத்தவரிடம் போங்கள்.

உண்மை விளம்பி:
கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். அறுவை என்பது ஒரு கருவி, அவ்வளவுதான். வாயைக் கட்டாதவருக்கு எத்தனை தடவை வயிற்றை வெட்டினாலும் இதே கதைதான். முதலில் ஆறு மாதம் ஒழுங்காக டயட் இருந்து பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
விளம்பி சார், அந்தக் கருவியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

128இலிருந்து 84. குறைந்தது 44 கிலோ, மொத்த எடையில் 34 சதவீதம். பேரியாட்ரிக், அதாவது எடைக் குறைப்பு சர்ஜன்களின் உலகக் கூட்டமைப்பான இஃப்சோ 2024இல் வெளியிட்ட வரையறையில், எடையைப் பொறுத்தவரை குறைந்தது 20 சதவீதத்தை எட்டாவிட்டால்தான் "முதல் பலன் போதவில்லை" என்று பெயர். ஆக தூறலுடைய முதல் அறுவை தோற்கவே இல்லை. அது வேலை செய்தது, பிறகு எடை திரும்பியது. இழந்ததில் 30 சதவீதத்துக்கு மேல் திரும்பினால் அதை அவர்கள் தனியாகக் குறிப்பிடுகிறார்கள். இவருக்கு 44இல் 25, அதாவது 57 சதவீதம். இரண்டும் வேறு வேறு நிலைமை, தேட வேண்டிய காரணமும் வேறு. ஆரம்பத்திலேயே எடை குறையவில்லை என்றால் அறுவை செய்த விதத்தைச் சந்தேகிக்கலாம். நன்றாகக் குறைந்து மூன்று வருடம் கழித்து ஏறுகிறது என்றால், நடுவில் என்னமோ மாறியிருக்கிறது. அது என்ன என்பதுதான் கேள்வி.

எடை கொஞ்சம் திரும்புவது எல்லோருக்கும் நடப்பதுதான். ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். என்ற ஆய்வில் எடைக் குறைப்பு அறுவை செய்தவர்களை இருபது வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ஓரிரு வருடத்தில் எடை அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு ஓரளவு ஏறி, ஒரு இடத்தில் நிற்கிறது. இருபதாம் வருடத்தில் சராசரிக் குறைவு 18 சதவீதம். அத்தனை ஆயிரம் பேரும் வாயைக் கட்டாதவர்களா? எடை குறைந்த உடம்பு பசியைக் கூட்டும், எரிக்கும் கலோரியைக் குறைக்கும். அது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல.

சரி, மூன்று சர்ஜன்கள் சொன்னதற்கு வருகிறேன். பெயர்கள் குழப்பும், உள்ளே என்ன மாறுகிறது என்று பார்த்தால் குழப்பாது.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய் மாதிரி ஆக்குகிறார்கள். கீழே வால்வு அப்படியே இருப்பதால் உள்ளே அழுத்தம் அதிகம். அந்த அழுத்தத்தில் அமிலம் மேலே ஏறுகிறது.

பைபாஸில் அந்தக் குழாயின் மேல்முனையை மட்டும் ஏறக்குறைய 30 மில்லி கொள்ளும் சின்னப் பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைப்பார்கள். கீழே மிஞ்சும் வயிறு உள்ளேயே இருக்கும், ஆனால் உணவு அதன் வழியாகப் போகாது. பித்தநீர் அந்த இணைப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளிக் கீழேதான் வந்து சேரும். அமிலமும் பித்தநீரும் உணவுக்குழாய்க்கு வர வழி குறைவு. அதனால்தான் நெஞ்செரிச்சலுக்கு இதைச் சொல்கிறார்கள். எடை விஷயத்தில், ஸ்லீவுக்குப் பிறகு செய்யும் பைபாஸ் முதல் தடவை போலக் கொட்டாது. சுமாராகத்தான் குறையும்.

மினி பைபாஸ் 1997இல் ரட்லெட்ஜ் என்ற அமெரிக்க சர்ஜன் தொடங்கியது. நீளமான பை, ஒரே ஒரு இணைப்பு. குடலை ஒன்றரை, இரண்டு மீட்டர் தாண்டி வளைத்துக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அறுவை நேரம் குறைவு, எடையும் நன்றாகக் குறையும். ஆனால் பித்தநீர் அந்த இணைப்பு வழியாகவே கடந்து போகிறது. ஏற்கெனவே புண்ணாகிப் போன உணவுக்குழாய்க்கு அது நல்ல அண்டைவீடு இல்லை.

சாடியில் ஸ்லீவ் அப்படியே இருக்கும். வால்வுக்குக் கீழே முன்சிறுகுடலை வெட்டி, சிறுகுடலின் கடைசி இரண்டரை, மூன்று மீட்டரில் கொண்டுபோய் இணைப்பார்கள். 2007இல் ஸ்பெயினில் ஆரம்பித்தது. எடை குறைய இதற்குப் பலம் அதிகம். "பாதி வேலை முடிந்தது" என்று அந்த டாக்டர் சொன்னதும் பொய் இல்லை. ஸ்லீவ் தொடக்கத்தில் டியோடினல் ஸ்விட்ச் என்ற பெரிய அறுவையின் முதல் பகுதியாக இருந்ததுதான். ரொம்பப் பருமனானவர்களுக்கு இரண்டு கட்டமாகச் செய்தார்கள். முதல் கட்டத்திலேயே பலருக்கு எடை குறைந்துவிட, அதுவே தனி அறுவை ஆகிவிட்டது. ஆனால் சாடியில் ஸ்லீவ் இருக்கும் வரை ஸ்லீவின் கோளாறும் கூடவே இருக்கும். மூன்று தலையணையும் இருக்கும்.

இரும்புச்சத்து:
நான் பேரியாட்ரிக் பிரிவில் டயட்டீஷியன். மேலே எழுதியவர் உடற்கூறைச் சரியாகச் சொல்லிவிட்டார். நான் தூறலிடம் மூன்று கேள்வி மட்டும் கேட்கிறேன். கெட்டியான உணவு இறங்குகிறதா? ஒரு நாளில் எத்தனை தடவை வாயில் ஏதாவது போகிறது? எடை ஏற ஆரம்பித்த சமயத்தில் புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தீர்களா?

மறைக்காமல் சொல்லுங்கள். இங்கே யாரும் அடிக்க மாட்டார்கள்.

தூறல்:
கணக்குப்பிள்ளை சார், "தோற்கவே இல்லை" என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். நன்றி.

மேடம், உங்கள் கேள்விகளுக்கு. கெட்டியான உணவு நாலு வாய்க்கு மேல் போனால் நெஞ்சுக்குழியில் அடைக்கும், நுரை நுரையாகத் திரும்பி வரும். மூன்றாம் வருடத்திலிருந்து இப்படித்தான். பிஸ்கட், ஐஸ்கிரீம், சிப்ஸ், பாலில் நனைத்த ரொட்டி இதெல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். அதனால் அதையே சாப்பிடுகிறேன். எத்தனை தடவை என்று நேற்று எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. இதை எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை, வெட்கம்.

மாத்திரை, ஆம். அம்மா போன பிறகு தூக்கமே இல்லாமல் மனநல மருத்துவரிடம் போனேன். மிர்டாசபைன் கொடுத்தார். கிட்டத்தட்ட எடை ஏற ஆரம்பித்த அதே சமயம். இப்போதும் போடுகிறேன்.

இரும்புச்சத்து:
இரண்டு விஷயம் கிடைத்துவிட்டது பாருங்கள்.

மிர்டாசபைன் பசியைத் தூண்டும், எடை கூட்டும் என்று நன்கு அறியப்பட்ட மருந்து. ஸ்டீராய்டு, இன்சுலின், வால்ப்ரோயேட், சில மனநல மருந்துகள் எல்லாம் இந்த வரிசைதான். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். கொடுத்த டாக்டரிடமே போய், எடை கூட்டாத மாற்று உண்டா என்று கேளுங்கள்.

அடுத்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. நீங்கள் பிஸ்கட் சாப்பிடுவதால் ஸ்லீவ் கெட்டதா, ஸ்லீவ் கெட்டதால் பிஸ்கட் சாப்பிடுகிறீர்களா? விளம்பி சார் முதலாவதை நம்புகிறார். எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம். ஸ்லீவ் குழாய் வளைகிற இடத்தில் குறுகலோ முறுக்கலோ இருந்தால் கெட்டியானது அடைக்கும், கரைவது இறங்கும், பின்னால் தேங்கியது மேலே ஏறி நெஞ்சை எரிக்கும். எண்டோஸ்கோபி வேண்டும். பேரியம் மாதிரியான சாயத்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுப்பதும் வேண்டும். எண்டோஸ்கோபி செய்யும்போது ஸ்கோப் உள்ளே போய்விட்டது என்பதற்காகக் "குறுகல் இல்லை" என்று எழுதிவிடுவதும் உண்டு, முறுக்கல் பல சமயம் சாயம் ஓடும்போதுதான் தெரியும். கூடவே ஹயாட்டல் ஹெர்னியா, அதாவது இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி மார்புக்குள் ஏறுவது, இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் பி12, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), வைட்டமின் டி, தைராய்டு, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை). பழைய அறுவைக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி வேறு, ஆபரேஷன் நோட்ஸ் வேறு.

இதெல்லாம் கையில் வரும் வரை எந்த அறுவைக்கும் தேதி கொடுக்காதீர்கள்.

ஸ்விட்ச்காரி:
நான் ஸ்லீவிலிருந்து டியோடினல் ஸ்விட்ச் போனவள். எடை மட்டும்தான் குறி என்றால் என் அறுவையை யாரும் ஜெயிக்க முடியாது. ஏழு வருடம் ஆகிறது, திரும்பவில்லை. சர்க்கரை மாத்திரையும் நின்றுவிட்டது.

ஆனால் விலை உண்டு. உணவும் ஜீரண நீரும் சேர்ந்து ஓடுகிற குடல் எனக்கு ஒரு மீட்டர்தான். கொழுப்பு உடம்பில் சரியாகச் சேராது, அதோடு ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் சரியாகச் சேராது. நான்காம் வருடம் வேலைப்பளுவில் சத்து மாத்திரையை நாலு மாதம் விட்டேன். இரவில் வண்டி ஓட்டும்போது எதிரே எதுவும் தெரியவில்லை. வைட்டமின் ஏ குறைவு. ஒரு நாளைக்கு 90 கிராம் புரதம் எனக்குக் கட்டாயம். அப்புறம் கழிப்பறை விஷயம், அதை விவரிக்க வேண்டாம், ஜன்னல் இருக்கிற கழிப்பறை உள்ள வீடாகப் பார்த்துக் குடிபோனேன் என்று மட்டும் சொல்கிறேன்.

சாடி இதைவிடக் கொஞ்சம் மென்மை. ஆனாலும் மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது. கெட்டி உணவு இறங்காத தூறல் 90 கிராம் புரதத்தை எப்படிச் சாப்பிடுவார்?

எட்டாவது மாடி:
எடை குறைக்கும் ஊசியைப் பற்றி யாருமே பேசவில்லையே? பைபாஸ் செய்து எட்டு வருடம் கழித்து எனக்கு 18 கிலோ திரும்பியது. மறு அறுவைக்குப் போனேன். என் டாக்டர் ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு "உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது, எதைத் திருத்தச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். செமாக்ளுடைட் எடுத்தேன், 15 கிலோ போனது.

கணக்குப்பிள்ளை:
நல்ல இடத்தில் நினைவுபடுத்தினீர்கள். எடைக்கென்று செமாக்ளுடைட் 2021இலும் டிர்செபடைட் 2023இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அதற்கு முன்னால் இரண்டாவது அறுவைக்குப் போனவர்களில் பலர் இன்று போகத் தேவையிருக்காது. உள்ளே கோளாறு இல்லை, பசிதான் திரும்பியிருக்கிறது என்றால் ஊசிதான் முதல் கதவு. ஆனால் நிறுத்தினால்? செமாக்ளுடைட் ஆய்வு ஒன்றில் நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. தொடர்ந்து போட்டுக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

தூறலுக்கு இன்னொரு சிக்கல். இந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், குமட்டலும் தரும். குறுகல் இருந்தால் ஏற்கெனவே அடைபட்ட சாக்கடைக்கு மேலும் ஒரு செங்கல் வைத்த மாதிரி.

உண்மை விளம்பி:
நான் எழுதியது கடுமைதான். கெட்டி உணவு இறங்காத விஷயம் எனக்குத் தெரியாது. மன்னிக்கவும்.

தூறல் (ஐந்து வாரம் கழித்து):
ரிப்போர்ட் எல்லாம் வந்துவிட்டது.

எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய்ப் புண், கிரேடு சி (நான்கு நிலைகளில் மூன்றாவது). மூன்று செ.மீ. ஹயாட்டல் ஹெர்னியா. பயாப்ஸியில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஸ்கோப் தடையில்லாமல் போனது, "குறுகல் இல்லை" என்றுதான் எழுதியிருந்தார்கள். ஆனால் சாயம் குடித்த எக்ஸ்ரேயில், மேடம் சொன்ன அதே வளைவில் சாயம் தேங்கி நின்று நூல் மாதிரி இறங்குகிறது. மேலே ஸ்லீவ் பலூன் போல உப்பியிருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து, "இத்தனை நாள் எப்படிச் சாப்பிட்டீர்கள்?" என்று டாக்டர் என்னிடமே கேட்டார்.

ஃபெரிட்டின் 6, வைட்டமின் டி குறைவு. மனநல மருத்துவர் மாத்திரையைப் படிப்படியாக மாற்றிக்கொண்டிருக்கிறார். அதிலேயே பசி கொஞ்சம் அடங்கியது.

இந்த முறை நான்காவது சர்ஜன். படத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். குறுகலை பலூன் வைத்து விரிக்கலாம், அது ஒரு வழி, ஆனால் ஹெர்னியாவும் இந்த அளவு புண்ணும் இருக்கும்போது போதாது என்றார். ஹெர்னியாவைத் தைத்துவிட்டு பைபாஸ். "எவ்வளவு குறையும்?" என்றேன். "நெஞ்செரிச்சல் போகும் என்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு. எடைக்கு முதல் தடவை மாதிரி வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார். ஏனோ அந்தப் பதிலுக்காகவே அவரிடம் செய்துகொள்ளத் தோன்றியது.

பழைய பட்டை:
அவரையே பிடித்துக்கொள் தங்கச்சி.

ஒரு விஷயம், புகை பிடிப்பவர் யாராவது வீட்டில் இருந்தால் தள்ளி நிற்கச் சொல். பைபாஸ் இணைப்பில் புண் வர முக்கியமான காரணம் புகை. இன்னொன்று வலி மாத்திரை. ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் இனிமேல் உனக்கு இல்லை. நான் முட்டிவலிக்குத் தெரியாமல் பத்து நாள் போட்டு ரத்த வாந்தி எடுத்தவன்.

இரும்புச்சத்து:
அறுவைக்கு முன்பே இரும்பை ஏற்றிவிடுங்கள். ஃபெரிட்டின் 6 என்றால் மாத்திரையை நம்பாமல் நரம்பு வழியாகவே போடலாமா என்று கேளுங்கள், பைபாஸுக்குப் பிறகு மாத்திரை இன்னும் குறைவாகத்தான் சேரும். பிறகு கால்சியம் சிட்ரேட்டையும் இரும்பையும் சேர்த்துப் போடாதீர்கள், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். பி12 ஆயுளுக்கும்.

இதை மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள்: வாந்தி சில நாள் நிற்காமல் போனால் தையமின் (வைட்டமின் பி1). நடையில் தள்ளாட்டம், கண் இரட்டையாகத் தெரிவது வரை காத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவில் குளுக்கோஸ் ஏற்றப் போனால், முதலில் தையமின் போடச் சொல்லுங்கள். உங்கள் அறுவையைப் பற்றித் தெரியாத டாக்டர் பணியில் இருக்கலாம், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கோடைமேகம்:
நானும் சாய எக்ஸ்ரே எடுத்தேன். எனக்குக் குறுகல் இல்லை, ஹெர்னியா இல்லை, உணவுக்குழாயும் சுத்தம். ஸ்லீவ் கொஞ்சம் விரிந்திருக்கிறதாம். நெஞ்செரிச்சலுக்கு இரவுச் சாப்பாட்டை முன்னால் தள்ளினேன், பாதிக்கு மேல் குறைந்தது. நான் ஊசிப் பக்கம் போகிறேன். ஒரே கதை என்று எழுதியிருந்தேனே, ஒரே கதை இல்லை.

தூறல் (அறுவை முடிந்து நான்கு மாதம்):
வாக்குக் கொடுத்தபடி எழுதுகிறேன். அறுவை நாலரை மணி நேரம் ஆனது, முதல் தடவை ஒன்றே கால் மணி. கல்லீரல் ஸ்லீவோடு ஒட்டியிருந்ததைப் பிரிக்கவே நேரம் போனதாம். லீக் இல்லை. இரண்டாம் வாரம் ஒரு தடவை நீர்ச்சத்துக் குறைந்து ட்ரிப் போட வேண்டியிருந்தது. மேடம் சொன்னபடி தையமின் கேட்டேன். அந்த இளம் டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போட்டார்.

எடை இப்போது 94. மெதுவாகத்தான் இறங்குகிறது, போன மாதம் ஒன்றரைக் கிலோ. ஒரு நாள் ஐஸ்கிரீம் ஆசைப்பட்டு நாலு கரண்டி சாப்பிட்டேன். இருபது நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைந்து படுத்துவிட்டேன். இனிப்பு வேகமாகக் குடலில் கொட்டுவதால் வரும் டம்பிங் என்பது இதுதானா என்று புரிந்தது. பத்து வருடத்தில் கேட்ட எந்த அறிவுரையும் செய்யாததை அது செய்துவிட்டது.

கெட்டியான உணவு இறங்குகிறது. கொஞ்சம்தான், மென்று மென்று, ஆனால் இறங்குகிறது. பான்டோபிரசோலை அறுவைப் புண்ணுக்காக இன்னும் இரண்டு மாதம் போடச் சொல்லியிருக்கிறார்கள், அதன் பிறகு நிறுத்திப் பார்க்கலாமாம். இரண்டு தலையணையைப் பரணில் போட்டுவிட்டேன்.